ஜாம் ஆக வேண்டிய இடம் ரேஞ்ச்தான்

அந்த வீடியோவைப் பெரும்பாலும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் அதை மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. தம்பியின் துப்பாக்கி நாலாவது தோட்டாவில் சிக்கிக்கொள்கிறது. அவன் ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தை, எப்படி இழுப்பது என்று தெரியாமல் திணறுகிறான். பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், "இருநூறு டாலர் பொம்மைடா அது" என்று ஒரு குரல். கீழே நம் டெக்ஸாஸ் தமிழர்கள் வரிசையாகப் போட்டிருக்கும் சிரிப்பு எமோஜிகள். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும் வழியில் தம்பி போன் செய்தான். "அண்ணே, இதை வித்துடட்டுமா? எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

துப்பாக்கி சிக்கிக்கொண்டு ஜாம் ஆக வேண்டிய இடம், சுட்டுப் பழகுகிற ரேஞ்ச்தான். முதலில் இது மண்டையில் ஏறட்டும். புதிதாக வாங்கியதை அவன் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போகவில்லை. ரேஞ்சுக்கு எடுத்து வந்தான். பயிற்சித் தோட்டாவோடு நிறுத்தாமல், தினமும் எடுத்துப் போகப் போகிற, முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் தோட்டாவையே போட்டுச் சுட்டுப் பார்த்தான். செய்ய வேண்டியதைச் செய்தவனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறீர்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் உங்கள் இடுப்பில் இருக்கும் தோட்டாவில் ஒரு மேகசினாவது (தோட்டா அடுக்கும் பெட்டி) சுட்டுத் தீர்த்திருக்கிறீர்கள்? வாங்கிய அன்று நிரப்பிய மேகசினோடு வருஷக்கணக்காகச் சுற்றுகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எனக்குத் தெரியும்.

"மலிவு, அதனால் ஜாம்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். விலைக்கு முன்னால் அளவைப் பாருங்கள். சட்டைக்குள் மறைகிற துப்பாக்கிக்குக் குழல் 3 அங்குலம், மிஞ்சிப்போனால் மூன்றரை. ஸ்லைடு குட்டை, எடையும் குறைவு. சுட்டதும் அந்த ஸ்லைடு பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளி, திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் கவ்விக்கொண்டு குழலுக்குள் சொருக வேண்டும். பெரிய துப்பாக்கியில் இதற்கெல்லாம் தூரமும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. குட்டியில் இரண்டுமே இல்லை. எடை குறைந்த ஸ்லைடு வேகமாக ஓடும், அதை அடக்க விறைப்பான ஸ்பிரிங் போடுவார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கியாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் சிக்கிக்கொள்ளும். சுடுகிறவரின் மணிக்கட்டு தளர்ந்தால்கூட ஸ்லைடு முழுத் தூரம் போகாது. காலிக் கூடு வெளியே போகாமல் வாயில் செங்குத்தாக நின்றுவிடும். போலீஸ்காரர் இடுப்பில் தொங்குகிற முழு அளவுத் துப்பாக்கி இதையெல்லாம் மன்னித்துவிடும். குட்டி மன்னிக்காது, 230 டாலருக்கு வாங்கினாலும் 600 டாலருக்கு வாங்கினாலும்.

மலிவு எங்கே தெரியும் என்றால், கண்ணுக்குப் படாத இடங்களில். தோட்டா குழலுக்குள் ஏறுகிற சரிவு வழவழப்பாக இருக்காது. உருண்டை மூக்குத் தோட்டா அதில் ஏறிவிடும், வாய் திறந்த ஹாலோ பாயிண்ட் முட்டிக்கொண்டு நிற்கும். காலிக் கூட்டை இழுக்கும் கொக்கியின் விளிம்பில் பிசிறு இருக்கும். மேகசின் தகடு மெலிந்திருக்கும். ட்ரிகர் மொரமொரக்கும். விலையுயர்ந்த துப்பாக்கியில் தொழிற்சாலையிலேயே பார்த்துச் சரிசெய்யப்படும் இவையெல்லாம் மலிவுத் துப்பாக்கியில் வாங்குபவன் தலையில் விழுகின்றன. முதல் 200 தோட்டாவில் அவன்தான் தரச் சோதனை அதிகாரி. அதைத்தான் தம்பி செய்துகொண்டிருந்தான். ஜாம் ஆக வேண்டிய இடம் ரேஞ்ச்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, விலை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது சிக் சாவர் பி320 வகைத் துப்பாக்கியை. அதே ஆண்டு ஆகஸ்டில், கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம் என்று சோதனை வீடியோக்கள் வந்தன. நம் டெக்ஸாஸிலேயே டல்லாஸ் போலீஸ் அதை நிறுத்திவைத்தது. பொதுமக்களுக்கு விற்றதையெல்லாம் இலவசமாகத் திருத்தித் தருவதாகக் கம்பெனியே அறிவித்தது. 2011இல் க்ளாக் தன் நான்காம் தலைமுறைத் துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தது. 2013இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டுக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது, ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டி-எஸ் திரும்பப் பெறப்பட்டது. 2008இல் ரூகர் எல்சிபியும் திரும்பப் பெறப்பட்டதுதான். இதில் எதையும் யாரும் பொம்மை என்று சொல்லவில்லை. க்ளாக் வைத்திருக்கிறவரைப் பார்த்து யாரும் சிரித்து வீடியோ போடவில்லை.

இப்போது "அப்போ டாரஸுக்கு வக்காலத்து வாங்குகிறாயா" என்று, மலிவுத் துப்பாக்கிக்குப் பேர்போன அந்த பிரேசில் கம்பெனியை இழுத்துக்கொண்டு வருவீர்கள். வாங்கவில்லை. அவர்கள் கதையை உங்களைவிட நன்றாகவே படித்திருக்கிறேன். ஒன்பது மாடல்கள், கிட்டத்தட்ட பத்து லட்சம் துப்பாக்கிகள். கீழே விழுந்தால் வெடிக்கிறது, சேஃப்டி, அதாவது சுடாமல் தடுக்கும் பூட்டு, போட்டிருந்தும் வெடிக்கிறது என்று வழக்கு. அயோவா மாநிலத்தில் ஒரு துணை ஷெரீஃப் 2013இல் ஒருவரைத் துரத்தி ஓடும்போது இடுப்பிலிருந்து விழுந்த துப்பாக்கி தரையில் பட்டு வெடித்ததிலிருந்து தொடங்கியது அது. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2015இல் சமரசத்துக்கு வந்தார்கள். 2023இல் ஜிஎக்ஸ்4 மாடலில் குறிப்பிட்ட வரிசை எண்களுக்கு மறுபடி ஓர் எச்சரிக்கை. இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பழைய மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் வரிசை எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். விழுந்து வெடிப்பது வேறு, ஜாம் ஆவது வேறு. ஜாமை ரேஞ்சில் கண்டுபிடித்துவிடலாம். முதலாவதை உங்களால் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. அந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் கலந்து "குப்பை" என்று சொல்வது அறிவு அல்ல.

என் கதையையும் சொல்கிறேன். கடையில் இரவு ஷிஃப்டில் நின்ற காலத்தில் நானும் ஒரு குட்டி 9 மில்லிமீட்டர் துப்பாக்கிதான் வாங்கினேன். என் சம்பளத்துக்கு அதுதான் முடிந்தது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். பயிற்சித் தோட்டா அத்தனையும் தண்ணீர் மாதிரி ஓடியது. ஹாலோ பாயிண்ட் போட்டதும் இரண்டாவது தோட்டா தலை கவிழ்ந்து நின்றது. மேகசினை மாற்றினேன், அப்போதும் சிக்கி நின்றது. வேறு பிராண்டு தோட்டா போட்டேன், அதுவும் நின்றது. வாரண்டியில் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை வெறும் இடுப்போடுதான் கல்லாவில் நின்றேன். கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடும். என் மனைவி ஊரில் அப்போது பிள்ளைத்தாச்சி. அங்கே பகல், இங்கே நடு ராத்திரி. போன் செய்து "கடையில கூட்டமா?" என்று கேட்பாள். கூட்டம் என்றால் அவளுக்கு நிம்மதி. ஆளே இல்லாத நேரத்தில்கூட "நிறையப் பேர் இருக்காங்க" என்பேன். குழல் மாற்றித் திரும்பி வந்தது. மறுபடி ரேஞ்ச், மறுபடி அதே தோட்டா, இந்த முறை ஒன்றுகூட நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் இடுப்பில் வைத்தேன். அன்று அந்த ரேஞ்சில் என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து லேனில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தானாக வந்து, மேகசின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை முழுசாக ஓர் இழு, விடு, என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பின் தெரியாதவர். தம்பிக்குப் பின்னால் நின்றது முன்பின் தெரியாதவர்கள் இல்லை. கோயிலில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒருவர்கூட அந்தத் தட்டையும் இழுப்பையும் காட்டவில்லை. போனைத்தான் எடுத்தீர்கள்.

"உயிர் விஷயத்தில் மிச்சம் பிடிக்கலாமா?" இன்னும் இருநூறு, முந்நூறு போட்டால் நல்லது கிடைக்குமே என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மரியாதையாகவும் கேட்டிருந்தார். என் பதில், அந்த இன்னும் முந்நூறு அவனிடம் இருந்தால், அதைத் தோட்டாவில் போடச் சொல்வேன். 9 மில்லிமீட்டர் பயிற்சித் தோட்டா ஒன்று இருபது, இருபத்தைந்து சென்ட். ஹாலோ பாயிண்ட் ஒன்று கிட்டத்தட்ட ஒரு டாலர். இருநூறு பயிற்சித் தோட்டா, ஐம்பது ஹாலோ பாயிண்ட், ரேஞ்ச் கட்டணம், நல்ல ஹோல்ஸ்டர் (இடுப்பு உறை), இன்னொரு மேகசின். கூட்டிப் பாருங்கள், துப்பாக்கி விலையே வந்துவிடும். விளம்பரத்தில் போடுகிற 230 டாலர் உண்மையான விலை இல்லை. சோதித்துப் பார்க்கிற செலவையும் சேர்த்ததுதான் விலை. மலிவுத் துப்பாக்கி வாங்கியவன் தப்பிக்க முடியாத செலவு அது. விலையுயர்ந்ததை வாங்கியவருக்கும் அந்தச் செலவிலிருந்து விலக்கு இல்லை. நீங்கள் அதைச் செய்யவில்லை, அவன் செய்தான். ஜாம் ஆக வேண்டிய இடம் ரேஞ்ச்தான்.

"போலீஸ் பயன்படுத்திவிட்டு விற்ற க்ளாக் முந்நூற்றைம்பதுக்குக் கிடைக்கிறதே" என்றார் இன்னொருவர். உண்மை, உறுதியான துப்பாக்கிதான். ஆனால் அப்படி வருவதில் நிறைய க்ளாக் 22, முழு அளவு, 9 மில்லிமீட்டரைவிடப் பெரிய .40 காலிபர் தோட்டா. தோட்டா விலை கூடுதல், உதைப்பும் கூடுதல், பிடி நீளம். டி-ஷர்ட்டுக்குள் மறைக்க முடியாமல் வீட்டு டிராயரில் தூங்கும். சின்ன மாடல் கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள், நான் மறுக்கவில்லை.

"காசில்லாதவனுக்கு எதற்குத் துப்பாக்கி" என்று எழுதியவருக்கும் பதில் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஹைவே ஓரக் கடையில் தனியாக நிற்பது காசுள்ளவர் இல்லை. எச்-1பி விசாவில் இருக்கிறவர்கள், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, இங்கே துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கூட்டரசுச் சட்டம். தம்பி கிரீன் கார்டு கிடைக்கும்வரை காத்திருந்து, சட்டப்படி கடையில் பின்னணிச் சோதனை முடித்து வாங்கினான். 2021 செப்டம்பரிலிருந்து டெக்ஸாஸில் 21 வயது நிரம்பினால் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். அப்படியிருந்தும் வகுப்புக்குப் போய் உரிமமும் எடுத்துவைத்தான். அவன் செய்த ஒவ்வொரு காரியமும் முறையாகச் செய்யப்பட்டது. அதில் உங்களுக்குத் தெரிந்தது விலை மட்டும்தான்.

என் கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. இந்த நாட்டில் குழந்தைகள் விளையாட்டுச் சாமானில் கோளாறு என்றால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கடையிலிருந்து எடுக்கச் சொல்லும். துப்பாக்கிமேல் அந்த ஆணையத்துக்கு அதிகாரமே கிடையாது. 1972இல் சட்டம் போடும்போதே வெளியே வைத்துவிட்டார்கள். கம்பெனி மனம் வைத்தால் திரும்பப் பெறும், இல்லையென்றால் கோர்ட். கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் மட்டும், விற்க அனுமதித்த துப்பாக்கிகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு மாடலில் மூன்று துப்பாக்கி எடுத்து, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுட்டு, ஆறுக்குமேல் கோளாறு வரக்கூடாது, கான்கிரீட்டில் விழுந்தும் வெடிக்கக் கூடாது. அந்தப் பட்டியலைத் திட்டுகிறவர்கள் நம்மில் நிறைய. எனக்கும் அதில் எல்லாம் உடன்பாடு இல்லை. ஆனால் அரசு அங்கீகரித்த ஓர் ஆய்வகம் 600 தோட்டா சுட்டுப் பார்ப்பது, கடைக்காரத் தம்பிகள் ஒவ்வொருவரும் கைக்காசைப் போட்டுச் சோதிப்பதைவிட மேல் இல்லையா? பணக்காரனுக்குத் தோட்டாவும் நேரமும் இருக்கிறது, சோதித்துக்கொள்வான். ஏழைதான் சோதிக்காமல் இடுப்பில் வைப்பான். அவன் கையில்தான் அது சிக்கிக்கொண்டு நிற்கும். 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கியைத் தடுத்தது. உடனே லாஸ் ஏஞ்சலிஸ் சுற்றுவட்டாரத்தில் துத்தநாகக் கலவையில் வார்த்து விற்கக் கம்பெனிகள் முளைத்தன. அதில் ஒன்றான ப்ரைகோ துப்பாக்கியில் தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியைத் தளர்த்த வேண்டியிருந்தது. அப்படி எடுக்கும்போது வெடித்துத்தான் ஏழு வயதுப் பையன் ஒருவன் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தான். 2003இல் தீர்ப்பு வந்தது, கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. வாங்கினவன் வசதியில்லாதவன் என்றால் யாருக்கும் அவசரம் இல்லை.

"தமிழனுக்கு எதற்கடா துப்பாக்கி" என்ற கமெண்டுக்குப் பதில் எழுத மாட்டேன். எழுதியவர் கேட் போட்ட குடியிருப்பில் இருக்கிறார், இரவு பத்து மணிக்குத் தூங்கப் போகிறார்.

தம்பியிடம் விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் மேகசினை மாற்றிப் பார்ப்போம், பிறகு வேறு தோட்டா, பிறகு அவன் பிடி. எதுவும் சரிவரவில்லை என்றால் கம்பெனிக்கு அனுப்புவோம். அதுவரை என்னிடம் சும்மா இருக்கிற, நான் சுட்டுத் தேய்த்த பழையது ஒன்று அவன் கையில் இருக்கும். இரவு ஷிஃப்டில் நிற்கிறவர்கள், மலிவாக ஒன்று வாங்கிவைத்துக்கொண்டு தோட்டாவுக்குக் காசில்லாமல் சோதிக்காமல் வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். ரேஞ்ச் கட்டணமும் ஒரு பெட்டி ஹாலோ பாயிண்ட்டும் என் செலவு. சிக்கினால் எப்படி எடுப்பது என்று நின்று காட்டிக் கொடுக்கிறேன்.