அந்த நீலச் சொட்டுக்காக ஒரு பதிவு

ஜப்பானிய மாங்கா (காமிக்ஸ்) ஓவியர் அகிரா டோரியாமா என்றதும் எல்லோருக்கும் அவருடைய 'டிராகன் பால்' தொடர்தான் ஞாபகம் வருகிறது. 2024 மார்ச்சில், 68 வயதில் அவர் இறந்த செய்தி வந்த அன்றும் என் முகநூல் முழுக்க அதன் நாயகன் கோகு படம்தான். தப்பில்லை, 42 தொகுதி, 11 வருஷ உழைப்பு. ஆனால் என்னைக் கேட்டால் அந்த மனுஷன் வரைந்ததிலேயே உசத்தி ஒரு ஸ்லைம். ஆமாம், 'டிராகன் குவெஸ்ட்' வீடியோ கேமில் முதல் அடியிலேயே செத்துப்போகும் அந்த அற்ப எதிரி.

1986-ல் வந்த கேம் அது. கதை எழுதிய யூஜி ஹோரி, ஸ்லைமுக்கு மாதிரியாகக் கிறுக்கிக் கொடுத்தது தரையில் கொட்டிக் கிடக்கும் கூழ் மாதிரி ஒன்று. மேற்கத்திய கேம்களில் ஸ்லைம் என்றால் அப்படித்தான், பார்த்தாலே குமட்டும். டோரியாமா வரைந்து அனுப்பியதோ உச்சியில் கூராக, அடியில் உருண்டையாக, குழாயிலிருந்து விழப்போகிற சொட்டு மாதிரி ஒரு உருவம். உருட்டி விழிக்கும் ரெண்டு கண், காதே இல்லாவிட்டாலும் காதுவரைக்கும் ஒரு சிரிப்பு. நாம் ஆயுதத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறோம், அது நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது!

ஒரு தாளில் வரைந்து பாருங்கள், ஒரு வளைவு, ரெண்டு வட்டம், ஒரு வாய், அவ்வளவுதான். அந்த கேம் மொத்தமே 64 கிலோபைட், வாட்ஸப்பில் வரும் காலை வணக்கம் படம் இதைவிடப் பெரிசாக இருக்கும். அதற்குள் ஊர், இசை, வசனம், பூதங்கள் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் அதே ஸ்லைமுக்குச் சிவப்பு அடித்தால் இன்னொரு எதிரி, உலோகப் பளபளப்பு கொடுத்தால் மெட்டல் ஸ்லைம். நிறத்தை எப்படி மாற்றினாலும் அடையாளம் தெரிகிறது என்றால் அந்த வெளிக்கோடு எவ்வளவு உறுதி என்று பாருங்கள்.

தான் ஒரு சோம்பேறி என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோகுவின் முடிக்குக் கறுப்பு மை நிரப்புவதிலேயே உதவியாளருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, சூப்பர் சாயன் என்ற பலம் கூடிய வடிவத்துக்கு அவனை மாற்றியதும் முடியை வெள்ளையாகவே விட்டுவிடலாம், வேலை மிச்சம். சண்டையை ஊருக்குள் வைத்தால் கட்டடம் வரைய வேண்டும், அதனால் பொட்டல்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இதையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். எனக்கென்னவோ அவர் திறமையே அங்கேதான் இருக்கிறது, எந்தக் கோடு வேண்டாம் என்று அவ்வளவு துல்லியமாகத் தெரிந்த கை அது.

அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை. விளம்பர வேலையை விட்டுவிட்டு, பரிசுப் பணத்துக்காக மாங்கா போட்டிக்கு அனுப்பிய ஆள். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கசுஹிகோ தோரிஷிமா என்கிற எடிட்டர் கண்ணில் பட்டார். 1978-ல் வந்த முதல் கதை வாசகர் ஓட்டில் கடைசி இடம். அப்புறம் தோரிஷிமா திருப்பி அனுப்பிய பக்கங்கள் மட்டும் 500 அளவுக்கு இருக்கும் என்பார்கள். 1980-ல் 'டாக்டர் ஸ்லம்ப்' வந்து பிய்த்துக்கொண்டு போனது, அதில் வரும் வில்லன் பெயர் மஷிரிதோ. தோரிஷிமாவைத் திருப்பிப் படியுங்கள், பழிவாங்கியது புரியும்.

அந்த எடிட்டரோ விடுகிற ஆள் இல்லை. டிராகன் பாலில் வில்லனாக ஒரு கிழவனும் ஒரு குண்டனும் வந்ததும், தன் பொறுப்பில் இல்லாத கதை என்றாலும் கூப்பிட்டு இதெல்லாம் ஒரு வில்லனா என்று கேட்டிருக்கிறார். மாற்றாக 17, 18 என்று எண்களே பெயராக ரெண்டு வில்லன்கள் வந்தார்கள், அவர்களும் வெறும் பொடிசுகள் என்றார். அப்படிப் பிறந்தவன்தான் செல். அந்த முதல் உருவம் அசிங்கமாக இருக்கிறது என்று அப்போதைய எடிட்டர் கோந்தோ சொல்ல, செல் மறுபடி மறுபடி உருமாறினான். நாம் என்னமோ பெரிய திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். மனித முகம் வரைகிறபோது அவர் கை பழகின தடத்திலேயே போகும். 1995-ல் வந்த 'க்ரோனோ ட்ரிக்கர்' வீடியோ கேம் நாயகனுக்கு முடி சிவப்பு, மற்றபடி கோகுவின் சித்தப்பா பையன். பூதங்களில் அந்தச் சலிப்பே கிடையாது, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது.

2011-ல் ஜப்பானில் ஃபேமிலிமார்ட் கடைகளில் ஸ்லைம் வடிவத்தில் நீலக் கலரில் கறி பன் விற்றார்கள். நீலக் கலரில் ஒரு பன்னை எவன் தின்பான் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைப் பார்த்தேன், அதே உருட்டு விழி, அதே சிரிப்பு. எனக்கு ஒன்று கிடைத்திருந்தால் உச்சிக் கூரைத்தான் முதலில் கடித்திருப்பேன்.