கேள்விகளை யார் எழுதுகிறார்கள்?
ஒரு கூட்டுறவுக் கடை தன் உறுப்பினர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்திவிட்டால், எது நியாயமான வணிகம் என்று சொல்லும் அதன் நெறிமுறைக் கொள்கை அவர்களுடையதாகிவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் உறுப்பினராக இருக்கும் மளிகைக் கூட்டுறவிலும் அப்படியொரு படிவம் வந்தது. ஐந்து தலைப்புகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பிளாஸ்டிக் உறை இருந்தது, விலங்கு நலன் இருந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் சம்பளம் மட்டும் இல்லவே இல்லை. பட்டியலிலேயே இல்லாததை எப்படி முதலிடத்தில் வைப்பது? பேரவைக் கூட்டத்தில் சிலர் எழுந்து கேட்ட பிறகுதான் அது சேர்ந்தது, அதுவும் அடுத்த ஆண்டு. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் ஏற்ற கோட்பாடுகளில் இரண்டாவது, கொள்கை வகுப்பதில் உறுப்பினர்கள் முனைப்போடு பங்கேற்பதைப் பற்றியது. படிவத்தில் டிக் போடுவது அந்தப் பங்கேற்பு ஆகாது. இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொருவர், வாடிக்கையாளர்களுக்கு விலை மட்டுமே முக்கியம் என்று எழுதியிருக்கிறார். ஆனால் 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கூட்டுறவுக் கடை திறந்தவர்களில் பலர் ஏழை நெசவாளர்கள். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை என்பதில் அவர்கள்தான் பிடிவாதமாக இருந்தார்கள். நெறிமுறைப்படி நடந்தால் விலை கூடுமென்றால், எவ்வளவு கூடும் என்று கணக்கைக் காட்டிவிட்டு, ஆளுக்கொரு வாக்கு என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிக் கேட்டபோது கூடுதல் விலைக்குச் சம்மதித்துக் கை தூக்கியவர்களே அதிகம்.