அது விலைக்குப் போட்ட கூடை இல்ல

முந்தாநாள் அந்த வாட்ஸ்அப் குரூப்ல வந்த போட்டோவை உங்கள்ல பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. ஊதாவும் மஞ்சளும் கலந்த ஒயர் கூடை. "நாங்களே பின்னியது, 350 ரூபா, ஆர்டர் எடுக்கப்படும்." அது ஒரு வளைகாப்புக்கு நான் போட்டுக் கொடுத்தது. விக்க இல்ல, கொடுக்கப் போட்டது.

"இன்னாக்கா, கொடுத்தப்புறம் அவங்க பொருள்தானே?"ன்னு கேப்பீங்க. சரிதான். காசு முடைன்னு வித்திருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். "நாங்களே பின்னியது"ங்கற அந்த ரெண்டு வார்த்தைதான் ராத்திரி பூரா தூங்க விடல.

ஏன்னா அது ஒரு ஆளுக்குன்னு அளந்து போட்டது. பிரசவத்துக்கு சிஎம்சி ஆஸ்பத்திரில சேர்ந்தா வீட்டுச் சாப்பாடு போகணும். வழக்கமான கூடைக்கு அடிப்பக்க அகலம் ஒம்பது முடிச்சு போதும். அதுல டிபன் கேரியர் நேரா நிக்காது, சாய்ஞ்சு குழம்பு வழியும். அதனால கேரியரை வெச்சுப் பார்த்து 14 முடிச்சு அகலம், 22 முடிச்சு நீளம். மொத்தம் 36 ஒயர். எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டக் கூடாது. அகலவாக்கில போற ஒயர் 54 முடிச்சு தாண்டணும், நீளவாக்கில போறது 62. ஒண்ணா வெட்டினா ரெண்டு குறுகல் பக்கத்திலயும் மேலே வரும்போது ஒயர் பத்தாது, நடுவுல ஒட்டு போடணும். முதல்ல பத்து முடிச்சு போட்டுப் பிரிச்சு, எவ்ளோ ஒயர் தின்னுதுன்னு அளந்துட்டுத்தான் வெட்டணும்.

அடி முடிஞ்சா சுத்தி 72 முனை நிக்கும். அதுல ரன்னிங் ஒயரை, அதாவது குறுக்கால சுத்தி வர்ற ஒயரை, 20 சுத்து கொண்டு போகணும். கை ஒரே மாதிரி இழுக்கணும். மேலே போகப் போக இறுக்கினா வாய் குறுகிடும், தளர்த்தினா கூடை ஒரு பக்கம் கோணிக்கும். அடியும் சுவரும் சேர்த்து 1,748 முடிச்சு. நிமிஷத்துக்கு நாலுன்னு வெச்சாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல. அப்புறம் முனை ஒவ்வொண்ணையும் உள்பக்கமா மூணு முடிச்சுக்குள்ள சொருகணும். ஒரு முடிச்சோட வெட்டிட்டா உருவிக்கும். கைப்பிடி தனி வேலை. அந்த 350ல ஒயர் காசு போக மிச்சத்தை இத்தனை மணி நேரத்துக்கு நீங்களே வகுத்துப் பாருங்க.

"இவ்ளோ நல்லா போடறீங்களே, வித்தா என்ன?" விக்க ஆரம்பிச்சா அந்த 14 முடிச்சு ஒம்பதாயிடும். வேற வழியில்ல. வாங்கறவங்க யாருன்னு தெரியாம யாரோட கேரியருக்கு அளக்கறது?

"சும்மா கொடுத்து விக்கறவங்க பொழப்பைக் கெடுக்கறீங்க"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. அதுல நியாயம் இருக்கு, யோசிச்சேன். வருஷத்துக்கு நான் கொடுக்கறது பத்து, பன்னெண்டு. அவங்க பொழப்பு கெடறது, நாம 300 ரூபா கூடையை 200க்குக் கேக்கறதால. அவங்ககிட்ட பேரம் பேசாதீங்க.

ஆனா என்கிட்ட வந்து "கொலுவுக்கு ரிட்டன் கிஃப்ட், 50 சின்னக் கூடை, ஒயர் நாங்களே வாங்கித் தரோம்"னு கேட்டவங்களும் நம்ம ஆளுங்கதான். ஒயர் மட்டும்தான் செலவுன்னு நெனச்சீங்களா? என் கண்ணு, என் கட்டைவிரல், என் ராத்திரி எல்லாம் எந்தக் கணக்குல வருது? மனசுல ஒரு முகத்தை வெச்சுக்கிட்டுப் போடறது நான். அம்பது முகத்தை எங்க போய்த் தேடறது?

அந்தக் கூடையை 350க்கு வாங்கினவங்க இதைப் படிச்சா ஒண்ணு சொல்றேன். கைப்பிடியை வாயிலேர்ந்து அஞ்சு வரிசை கீழே இறக்கித்தான் கோத்திருக்கேன், காட்பாடி பஸ்ல நின்னுக்கிட்டு வந்தாலும் தாங்கும். மேல் வரிசையில மட்டும் கோத்தா கனத்துக்கு வாய் முடிச்சு இழுபட்டுடும். ஆர்டர் கொடுத்து வாங்கின கூடையில கைப்பிடி அப்படி மேல் வரிசையில மட்டும் கோத்திருந்து, அது தளர்ந்துச்சுன்னாலும் கொண்டு வாங்க, மாத்திக் கோத்துத் தரேன். காசு வேணாம்.