ஆடியில் கிடா, புரட்டாசியில் பருப்பு

புரட்டாசி பிறந்துவிட்டது. நாமக்கல்லில் கறிக்கோழி விலை இறங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி ஏறிவிட்டது. புரட்டாசியில் பூமி தன் சூட்டை வெளியே தள்ளுமாம், அப்போது அசைவம் உண்டால் செரிமானம் கெடுமாம், அதனால்தான் முன்னோர்கள் பெருமாளின் பெயரால் தடை விதித்தார்களாம், எல்லாம் அறிவியலாம். எங்கள் குடும்பக் குழுவில் அதைப் போட்டவர் என் சித்தப்பா. "அந்தச் சூடு நம் தெருமுனையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் வீட்டுக்குள் மட்டும் ஏன் போவதில்லை சித்தப்பா?" என்று கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பெருமாளுக்காகக் கறியை விட்டிருக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பக்திக்கு யாரும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. பக்திக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி மருத்துவராக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

இதே வகையில் இன்னொரு வாதமும் உண்டு. குளிர் நாட்டுக்காரனுக்குக் கறி தேவை, வெப்ப நாட்டில் பிறந்தவனுக்குக் காய்கறிதான் இயற்கை என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மத்திய அரசு 2014-இல் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கீழ் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் தமிழ்நாட்டில் அசைவம் உண்போர் 97.65 சதவீதம். மேற்கு வங்கத்திலும் தெலங்கானாவிலும் 98-ஐத் தாண்டுகிறது. ராஜஸ்தானில் சைவம் உண்போர் ஏறத்தாழ 75 சதவீதம். ஹரியானாவில் 69, பஞ்சாபில் 67 சதவீதத்தை ஒட்டி. ஜனவரி இரவில் பல் கிட்டிப்போகும் ஹரியானாவில் பெரும்பாலோர் பருப்பும் ரொட்டியும் சாப்பிடுகிறார்கள். மார்கழியிலும் மின்விசிறி ஓடும் சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் வரிசை நிற்கிறது. உடம்புச் சூட்டுக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் இடிக்கிறது.

அப்படியானால் தட்பவெப்பத்துக்கும் தட்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. அது புல் வழியாகவும் குளம் வழியாகவும் வருகிறது.

ராஜஸ்தானையே எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் காய்கறி எங்கே விளையும், அங்கே இருப்பவர்கள்தானே கறியை நம்பி வாழ வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நடந்தது வேறு. மழை ஏமாற்றும் அந்த மண்ணில் கம்பும் நரிப்பயறும் வரும். கேஜ்ரி என்று அவர்கள் சொல்லும் வன்னி மரம் வறட்சியிலும் காய்க்கும். அதன் காயையும் கேர் என்ற புதரின் காயையும் வெயிலில் உலர்த்தி ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்கிறார்கள். பச்சைக் காய் கிடைக்காத நாளில் கடலை மாவை உருட்டி வேகவைத்து, அதையே காயாக நினைத்து மோர்க் குழம்பில் போடுகிறார்கள். தண்ணீர் அரிதான ஊரில் மோரும் தயிரும் குழம்புக்கு நீராகின்றன. இவை அத்தனைக்கும் அடியில் இருப்பது பால். பயிர் பொய்த்தாலும் மேய்ச்சல் நிலத்தில் மாடும் எருமையும் ஒட்டகமும் எதையாவது கடித்துப் பாலாக்கிக் கொடுத்துவிடும். ஒருமுறை வெட்டித் தின்றுவிட்டால் தீர்ந்துபோகும் விலங்கு, கறந்தால் பல ஆண்டுகளுக்குச் சோறு போடும். பாலை வயது வந்த பிறகும் செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் இந்தியாவில் வடமேற்கில்தான் அதிகம், கிழக்கே போகப் போகக் குறைகிறது என்று மரபியல் ஆய்வுகளும் சொல்கின்றன. சைவ வரைபடத்தையும் இந்தப் பால் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த மண்ணில் சமணமும் வைணவமும் வந்து உயிர்க்கொலை கூடாது என்றபோது, கேட்பவர்களிடம் கேட்பதற்கான வசதி இருந்தது. வசதி இருந்தது என்பதற்காக அவர்களுடைய நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்த அரசனின் ஆட்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிக்கொண்டு, மரத்தையும் விலங்கையும் காப்பதைச் சமயக் கடமையாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிர்விட்டதாகச் சொல்கிறார்கள். சைவம் அவர்களுக்கு வெறும் உணவுப் பழக்கம் இல்லை. ஆனால் அதே மண்ணில், அதே வெயிலில், ராஜபுத்திரர்கள் வேட்டையாடினார்கள். மிளகாய் அள்ளிப் போட்ட அவர்களுடைய சிவப்பு ஆட்டுக்கறி இன்று சுற்றுலாப் பயணிகளின் நாக்கை எரிக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலேயே அதிக ஆடுகள் உள்ள மாநிலம் ராஜஸ்தான். அத்தனை ஆடுகளும் பால் கறக்க மட்டும் வளர்க்கப்படுவதாக நினைத்துவிடாதீர்கள்.

வங்கத்தில் கதை தலைகீழ். வெள்ளம் புரளும் நெல் நாடு. மேய்ச்சலுக்கு நிலம் குறைவு, தண்ணீருக்குக் குறைவே இல்லை. வீட்டுக் கொல்லைக் குளத்தில் மீன், வாய்க்காலில் மீன், மழைக்காலத்தில் வயலிலேயே மீன். இங்கே வந்து மீன் தின்னாதே என்று சொல்லும் சாஸ்திரத்தை யார் கேட்பார்கள்? கேட்கவில்லை. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த பவதேவ பட்டர் என்ற வங்க தர்மசாஸ்திரி, பிராமணர் மீன் உண்பதில் குற்றமில்லை என்று நூல்களைப் புரட்டி நிறுவியே விட்டார். குளம் முதலில் வந்தது, தீர்ப்பு பிறகு வந்தது. காளிக்குப் பலியிட்ட ஆட்டை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்து, அதைச் சைவச் சமையல் கணக்கில் சேர்க்கும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. காஷ்மீரப் பண்டிதர் வீடுகளிலும் ஆட்டுக்கறியில் வெங்காயம், பூண்டு கிடையாது, பெருங்காயமும் சோம்பும் சுக்கும்தான். சிவராத்திரிக்கு அந்தக் கறியையே படைக்கும் குடும்பங்கள் பல. மயிலாப்பூரில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வங்கத்தில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இவ்வளவு மீன் பிரியர்கள், கணவனை இழந்த பெண்ணின் தட்டிலிருந்து மட்டும் மீனை எடுத்துவிட்டார்கள். கறி, வெங்காயம், பூண்டு, மசூர் பருப்புகூட அவளுக்குக் கூடாது என்றார்கள். அந்தத் தடைக்குள் நின்றுகொண்டே வாழைப்பூவிலும் கசகசாவிலும் தோலிலும் தண்டிலும் அந்தப் பெண்கள் உருவாக்கிய சமையலைத்தான் இன்று வங்கச் சைவ உணவின் பெருமை என்று கொண்டாடுகிறார்கள். மற்ற எல்லோருக்கும் சாஸ்திரத்தை வளைக்கத் தெரிந்தவர்களுக்கு இவளுக்கு மட்டும் வளைக்கத் தெரியவில்லை.

தட்பவெப்பம் கையை முறுக்கும் இடங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. திபெத்தின் சராசரி உயரம் 4,000 மீட்டருக்கு மேல். பார்லியைத் தவிரப் பெரிதாக எதுவும் விளையாத மேட்டில் பௌத்தம் அகிம்சையைப் போதித்தது. மக்கள் வறுத்த பார்லி மாவும் வெண்ணெயும் யாக் இறைச்சியும் தின்றார்கள். சிறு விலங்குகள் பலவற்றைக் கொல்வதைவிடப் பெரிய விலங்கு ஒன்றைக் கொன்றால் பல வயிறு நிறையும், பாவம் குறையும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். லாசாவில் கசாப்புத் தொழிலைப் பெரும்பாலும் முஸ்லிம்களிடம் விட்டுவிட்டார்கள். தலாய் லாமாவே 1960-களின் நடுவில் முழுச் சைவத்துக்கு மாறிப் பார்த்து, மஞ்சள் காமாலை வந்த பிறகு மருத்துவர்கள் சொல்லி மீண்டும் இறைச்சிக்குத் திரும்பியவர். அவருடைய கருணையில் இதனால் ஒரு குன்றிமணி குறைந்ததாக யாரும் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது எத்தியோப்பியாதான். ஆப்பிரிக்காவிலேயே அதிகக் கால்நடை உள்ள நாடு. பச்சை மாட்டிறைச்சியை மிளகாய்ப் பொடியில் தொட்டுத் தின்பதை விருந்தாக நினைக்கும் மக்கள். அங்குள்ள பழமையான கிறித்தவத் திருச்சபையைப் பின்பற்றுவோர் புதனும் வெள்ளியும் கறி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் மட்டும் 55 நாள். எல்லா விரதங்களையும் கூட்டினால் சாதாரண மக்களுக்கே ஆண்டில் ஏறத்தாழ பாதி நாள் வந்துவிடும். அந்த நாள்களில் டெஃப் தானியத்தைப் புளிக்கவைத்துச் சுட்ட, நம் ஆப்பத்தின் பெரியம்மா போன்ற இஞ்சிராவும் பருப்பும் கடலை மாவுக் குழம்பும்தான். தவக்காலத்தில் கசாப்புக் கடைகள் மூடிக்கிடக்கும். ஈஸ்டர் அன்று ஊரே கறி. அந்த மனிதரிடம் நீங்கள் சைவமா அசைவமா என்று கேட்டால், இன்று என்ன கிழமை என்று திருப்பிக் கேட்பார்.

நாமும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் வீட்டில் ஆடியில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவோம், புரட்டாசியில் முட்டைகூட வாங்க மாட்டோம். நடுவில் ஆவணி ஒரு மாதம்தான் இடைவெளி. கருப்பசாமிக்குக் கறி, பெருமாளுக்குத் துளசி என்று அம்மா இரண்டையும் ஒரே பக்தியோடு செய்கிறார். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. குழப்பம் ஆள்பவர்களுக்குத்தான் வந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டிக் கடுமையாக நடைமுறைப்படுத்த 2003-இல் தமிழக அரசு உத்தரவு போட்டது. கருப்பசாமியும் காளியும் சர்க்கரைப் பொங்கலுக்குப் பழக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 2004-இல் அந்தச் சட்டத்தையே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இன்னும் பின்னால் போனால், தன்னை அந்தணன் என்று பாட்டிலேயே சொல்லிக்கொண்ட கபிலர் இருக்கிறார். சேரமான் செல்வக்கடுங்கோ அவர் கையைப் பிடித்து, உம் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்று வியந்தபோது, கறிச்சோறு உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை, மென்மையாக இல்லாமல் எப்படி இருக்கும் என்றார். புறநானூற்றின் 14-ஆம் பாட்டு. அதே மொழியில்தான் வள்ளுவர் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்தார். இரண்டும் நம்முடையவை. வள்ளுவரைப் படித்துவிட்டு ஒருவர் கறியை விட்டால் எனக்கு அவர்மேல் மரியாதைதான். சைவம் என்றாலே ஆதிக்கம் என்று பேசும் நண்பர்களோடு இந்த இடத்தில் நான் ஒத்துப்போகவில்லை. வடலூரில் வள்ளலார் அணையாமல் எரியவிட்ட அடுப்பில் யாருடைய ஆதிக்கத்தைத் தேடுவது?

என் சண்டை, தட்டை வைத்து ஆளைத் தரம் பிரிப்பவர்களோடு. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் என் வேலை, சம்பளம் எதையும் கேட்கவில்லை. "நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?" என்றார். அவர் கேட்டது சாதியை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாசனை ஆகாது என்று காரணம் சொன்னார். அவருக்கு ஆகாதது எந்த வாசனை என்று நான் கேட்கவில்லை, படியிறங்கிவிட்டேன்.

வீட்டை விடுங்கள், அது அவர் சொத்து. அரசாங்கமே அப்படிக் கேட்டால்? மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை அன்றைய முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் ஏற்க மறுத்தார். அந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் பழங்குடியினர். முட்டை அவர்களுடைய கடவுளுக்கு விரோதமில்லை. கர்நாடகத்தில் 2021 கடைசியில் வடகிழக்கு மாவட்டப் பள்ளிகளில் முட்டை போடத் தொடங்கியபோது மடாதிபதிகள் கொதித்தார்கள். தமிழ்நாட்டில் 1989-இல் சத்துணவில் முட்டை வந்தது, பிறகு மெல்ல மெல்லக் கூடி வாரத்துக்கு ஐந்தானது. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சத்துணவு ஆயாவுக்கு இதற்காக எந்த சாஸ்திரமும் தேவைப்படவில்லை. யாருக்கு முட்டை, யாருக்குப் பழம் என்று பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டார்.