அட்டையை மட்டும் பார்த்து விலை சொல்லாதீர்கள்

நம் சிங்கப்பூர்க் குழுவில் ஒரு தம்பி போட்ட அந்தப் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகப் பெட்டி விஷயம்தான். எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அப்பா சேர்த்து வைத்தது, என்ன விலை போகும் என்று தம்பி கேட்டார். போட்டது ஒரே ஒரு படம். உடனே ஒருவர் "ஆயிரம் வெள்ளிக்குக் குறையாதே" என்கிறார், இன்னொருவர் "பத்து வெள்ளி தேறினால் பெரிசு" என்கிறார். குழம்பிப்போன தம்பி பாதிப் பெட்டியைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். இன்னும் மனசு ஆறவில்லை எனக்கு.

உள்ளே புரட்டிப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். பழசு என்பதாலேயே விலை வந்துவிடாது.

எப்போது அச்சானது என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் பின்னட்டையில், அச்சகப் பெயருக்குப் பக்கத்தில் விடை இருக்கும். விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' (நயா பைசா) என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். முகவரியில் 600001 என்று ஆறு இலக்க அஞ்சல் குறியீடு வந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. எழுத்தையும் பாருங்கள். தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வளைந்த மாதிரி இருக்கும். 1955 என்று போட்டுவிட்டு உள்ளே இன்றைய 'லை' இருந்தால் அது மறு அச்சு. பெரியார் இயக்க வெளியீடுகள் மட்டும் விலக்கு, அங்கே சீர்திருத்த எழுத்து 1935லேயே வந்துவிட்டது.

அடுத்தது நிலை. பாட்டுப் புத்தகத்தில் ஸ்டேப்பிள் துருப்பிடித்து நடு ஏடு கழன்று போயிருக்கும். அந்த ஒரு ஏடு இல்லையென்றால் பாதி விலைகூட நிற்காது. செலோடேப் ஒட்டிய இடம் மஞ்சளாகிவிடும், அந்தக் கறை போகாது. லேமினேட் செய்துவிட்டால் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார். பெட்டியில் சினிமா போஸ்டர் இருந்தால் அதைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிக்கு மேல் புள்ளி ஏறி மசமசவென்று தெரிந்தால் ஸ்கேன் எடுத்து அடித்தது. 1940களின் போஸ்டர் என்று சொல்லப்படும் தாள் புற ஊதா விளக்கில் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் நம்பாதீர்கள்.

"ஈபேயில் 500 வெள்ளி போட்டிருக்கே" என்பீர்கள். அது கேட்கிற விலை. விற்றுப்போனவற்றை மட்டும் வடிகட்டி, அதே பதிப்பு, அதே நிலையில் குறைந்தது மூன்று கிடைக்கிறதா பாருங்கள். நடுவில் நிற்பதுதான் விலை. கடைக்காரர் அதில் பாதிகூடத் தரமாட்டார். வாங்க ஆள் வரும்வரை அவர்தானே அதை வைத்துக் காக்க வேண்டும்?

"அன்பாக ஒரு கருத்துச் சொன்னோம், இதுக்கு இவ்வளவு கோபமா?" கோபம்தான். உங்கள் கருத்தை நம்பித்தான் அந்தப் பாதிப் பெட்டி போனது.

"தமிழ்ப் பழம்புத்தகத்தை இங்கே யார் வாங்குவார்?" ஆள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையும் 2017 ஜூலையில் மூடிவிட்டது, கையில் எடுத்துப் பார்த்து வாங்க இடமே சுருங்கிவிட்டது. அதனால் எடைக்குப் போடலாமா?

அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பாருங்கள். பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில், வலது ஓரத்தில், மடித்த ரோஸ் தாள் ஒன்று எட்டிப் பார்க்கிறது. நம்ம ஊர்த் தியேட்டர் நோட்டீஸ். காட்சி நேரம், டிக்கெட் விலை எல்லாம் தெரிகிறது. பாட்டுப் புத்தகம் சென்னையில் கட்டுக்கட்டாக அச்சாகிக் கடல் கடந்து வந்தது, எங்காவது இன்னொன்று கிடைக்கும். நோட்டீஸ் இங்கே அடித்து, படம் ஓடிய நாட்களில் கையில் கொடுத்து, அன்றே கசக்கி எறிந்தது. ஆயிரம், பத்து என்று அடித்துக்கொண்ட ஒருவர் கண்ணிலும் அது படவில்லை!

தம்பி, மிச்சப் பெட்டி இருக்கிறதல்லவா? ஒவ்வொன்றுக்கும் முன்னட்டை, பின்னட்டை, அச்சகப் பெயர், நடு ஏடு என்று நான்கு படம் எடுங்கள். சிராங்கூன் ரோட்டுக் கடை முத்திரை எதிலாவது இருந்தால் அழிக்காதீர்கள், எந்த வழியாக வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த ரோஸ் நோட்டீஸ் இன்னும் கையில் இருந்தால் அமிலமில்லாத தாளில் தனியாக வையுங்கள். விற்பதற்கு முன் தேசிய நூலகத்தில் ஒரு தடவை காட்டுங்கள்.