பொய் சொல்லும் வசனமும் காட்டிக் கொடுக்கும் படமும்

மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். தமிழ்க் கருத்தறிதல் தாளை எடுத்தாலே தண்ணீர் குடிக்கப் போவான், பென்சில் சீவப் போவான். போன சனிக்கிழமை அதே பிள்ளை சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஊரிலிருந்து தம்பி வாங்கி வந்த துப்பறியும் படக்கதையை விரித்துவைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருக்கிறான். "சந்... தே... கம்" என்று எழுத்துக் கூட்டுகிறான். திடீரென்று நாலு பக்கம் பின்னால் புரட்டினான். ஒரு கட்டத்தின் மேல் விரலை அழுத்தி, "அம்மா, இங்க பாருங்க, இந்த ஆளு இடது கையில வாட்ச் கட்டியிருக்கான். அங்க வலது கையில. இது வேற ஆளும்மா!" என்றான்.

கதையில் அந்த விஷயம் அதுவரை வரவே இல்லை. துப்பறிபவருக்கே இரண்டு பக்கம் தள்ளித்தான் தெரிகிறது. என் பிள்ளை அவரை முந்திக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

"படக்கதை படிப்பதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்று கேட்கும் பெற்றோரிடம் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். மர்மக்கதையில் ஒருவன் வாய்கூசாமல் பொய் சொல்வான். "நான் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை" என்று வசனக் குமிழியில் இருக்கும். படத்திலோ அவன் செருப்பில் சேறு ஒட்டியிருக்கும். பொய்யைப் பிடிக்க வேண்டுமானால் பிள்ளை வசனத்தைச் சரியாக வாசித்தே ஆக வேண்டும், ஒரு சொல் விடாமல். கருத்தறிதல் என்று நாம் கேட்பதும் அதைத்தானே? இங்கே அவனாகவே விரும்பிச் செய்கிறான்.

பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கொக்கி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கதவு திறக்கும், யார் என்று தெரியாது. இது வாராவாரம் தொடராக வந்த காலத்துப் பழக்கம். 1929இல் டின்டின் என்ற படக்கதை தொடங்கியதே பெல்ஜியத்து நாளிதழ் ஒன்றின் சிறுவர் இணைப்பில்தான். அடுத்த வாரம்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டும் அல்லவா?

என் அப்பா விருதுநகரில் சிறுவனாக இருந்தபோது, 1972இல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் கதை, வரைந்தவர் ஸ்பெயின்காரர். ஆனாலும் அப்பாவுக்கு மாயாவி பக்கத்துத் தெரு அண்ணன் மாதிரி. பள்ளிப் புத்தகம் தராத தமிழ்ச் சரளம் அதில்தான் வந்தது என்று இன்றும் சொல்வார்.

இங்கே சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு 2012லிருந்து ஷெர்லாக் சாம் என்ற கதைச் சிறுவன் இருக்கிறான். ரோபோ ஒன்றைக் கூட்டிக்கொண்டு காத்தோங் வட்டாரத்தில் துப்பறிகிறான். நம் பிள்ளைகளுக்குத் தமிழில்? எங்கள் பக்கத்து நூலகத்தில் நான் தேடிய அன்று கைக்கு வந்ததில் பெரும்பாலும் நீதிக்கதைகள். நரியும் காக்கையும் எத்தனை முறை!

மர்மத்துக்கா இந்த ஊரில் பஞ்சம்? சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று இருந்தது. 1843இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒரு துண்டு நம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொன்னதில்லை. இதைவிட ஒரு துப்பறியும் கதைக்கு வேறென்ன வேண்டும்? எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் தயவுசெய்து யோசியுங்கள். வண்ண அச்சுக்குச் செலவாகும், ஓவியருக்கு நியாயமான கூலி தர வேண்டும். தெரியும். முன்பதிவு என்றால் முதல் ஆளாகப் பணம் கட்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனை அந்தக் கல்லைப் பார்க்கக் கூட்டிப்போனேன். கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற அளவுக்கு நின்று பார்த்தான். "மத்தத் துண்டெல்லாம் யாரும்மா எடுத்தா?" என்றான். வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தான். முதல் கட்டத்தில் எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் தபால் பெட்டிகள். ஒரு பெட்டியின் கதவு மட்டும் லேசாகத் திறந்திருக்கிறது, உள்ளே கறுப்பாக ஏதோ ஒன்று. பக்கத்தில் நிற்கும் பையனுக்கு வசனக் குமிழியும் போட்டுவிட்டான். உள்ளே காலி. தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "தமிழ்ல இங்க என்னம்மா எழுதலாம்?" என்று கேட்கிறான்.