சித்தி என் வார்த்தையை முடித்துவைத்ததே இல்லை

சித்தி என்று நான் கூப்பிடுபவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அம்மாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, கதவைத் தட்டாமல் எங்கள் வீட்டுக்குள் வரும் உரிமை அவருக்கு வந்துவிட்டது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிகிறது. ஆனால் வாய்க்கு வருவதற்குள் அந்தச் சொல் நழுவிவிடுகிறது, அல்லது வேறொரு சொல் வந்து நிற்கிறது. மருத்துவத்தில் இதை அஃபேசியா என்கிறார்கள். மூளையில் மொழியைக் கவனித்துக்கொள்ளும் பகுதி பாதிக்கப்படுவதால் வருவது. அறிவு மழுங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. இதைத் தெரியாத பலர் அவரிடம் சத்தமாகவும், குழந்தையிடம் பேசுவது போலவும் பேசுகிறார்கள். அதனாலேயே அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

முதல் சில மாதங்கள் நானும் எல்லோரையும் போல "தைரியமா இருங்க சித்தி, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டலில் எதுவும் இல்லை. அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு நாள், வேறு பேச்சு கிடைக்காமல், பழைய கதை ஒன்றை எடுத்தேன்.

எனக்குச் சின்ன வயதில் திக்குவாய். 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் திக்கும், பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஏழு வயதில் அது எனக்கு மட்டும் நடக்கும் கொடுமை. வகுப்பில் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னால் வயிற்றைப் பிசையும். வீட்டில் எல்லோருக்கும் என் மேல் அன்பு உண்டு, அதனாலேயே நான் திக்கும்போது அந்தச் சொல்லை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். சித்தி மட்டும் அப்படிச் செய்ததில்லை. சாயங்காலம் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "கண்ணுக்கு வேலை இருக்கு, காதுக்கு இல்லை, அந்தப் பேப்பரைப் படி" என்பார். ஒரு வரியில் நான் நாலு தடவை நின்றாலும் இஸ்திரிப் பெட்டி அதே வேகத்தில் போய்வந்துகொண்டிருக்கும். அவர் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. அவர் காத்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. அப்படித்தான் காத்திருந்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு, "நீங்க அன்னைக்கு எனக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க, இப்போ என் முறை" என்றேன். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, மூன்று தப்பான சொற்களைத் தாண்டி, "நீலப் பாவாடை" என்றார். எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் தெரிந்தது: நான் முதன்முதலில் ஒரு பத்தியை நிற்காமல் படித்த நாளில் போட்டிருந்தது நீலப் பாவாடை. அப்படி ஒரு நாள் இருந்ததே என் நினைவில் இல்லை. அவரிடம் இருக்கிறது.

அன்றிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். நம்முடைய முதல் மூன்று, மூன்றரை வருடங்கள் பெரும்பாலும் நமக்கு நினைவில் இருப்பதில்லை. அந்த வருடங்கள் முழுக்க நம்மைச் சுற்றி இருந்தவர்கள் கையில்தான் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலத்து நினைவுகள்தான் மற்ற காலத்தைவிட அதிகமாகக் கிடைக்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. நான் பேப்பர் படித்துக்காட்டிய நாட்களில் சித்திக்கு இருபத்தெட்டு வயது. என் குழந்தைப் பருவத்தைப் பேசும்போது அவருடைய இளமைக்கும் நான் கதவைத் திறந்துவிடுகிறேன். இத்தனை வருடமும் அதை என்னுடைய கதை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயதானவர்கள் பழங்கதை பேசினால் "புத்தி பின்னால போகுது" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே அந்த எண்ணத்தை மறுத்து எழுதினார். கடந்துவந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையில் இயல்பாக நடக்கும் ஒரு வேலை என்றார் அவர். எனக்கு அதில் முழு நம்பிக்கை. கஷ்டத்தில் இருப்பவருக்கு "உங்களால் முடியும்" என்று சொல்வதைவிட, "உங்களால் முடிந்தது, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்" என்று சொல்வதற்குப் பலம் அதிகம். முதல் வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல பழகிய குடும்பத்து ஆட்களால்தான் முடியும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "அப்போ எப்படி இருந்தீங்க, இப்போ இப்படி ஆயிட்டீங்களே" என்று அதே நினைவை வைத்தே ஒருவரை உடைத்துவிடலாம். சித்தியைப் பார்க்க வந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். சித்தி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பழையதை அளவுகோலாக நீட்டாதீர்கள், தயவுசெய்து.

நினைவுகள் ஒத்துப்போகாவிட்டாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பாவாடை பச்சை என்கிறாள் அம்மா. 1932-லேயே ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் காட்டியதுதான் இது: நினைவு என்பது எடுத்துவைத்த படம் அல்ல, ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டுகிறோம். நீலமா பச்சையா என்று தீர்ப்பு சொல்ல நாங்கள் உட்காரவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். ரொம்ப நாளாகிவிட்டதே, திடீரென்று கூப்பிட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கவும் செய்வீர்கள். நாம் தொடர்புகொள்வதை எதிரில் இருப்பவர் எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே கணக்குப் போடுகிறோம் என்று 2022-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. அதுவும் எதிர்பாராத நேரத்தில் வரும் அழைப்பைத்தான் கூடுதலாக ரசிக்கிறார்கள். ஒரே ஒரு சம்பவத்தை, ஒரே ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளர் சித்தியின் வீட்டாரிடம் சொன்ன முதல் விஷயம்: அவர் சொல்ல வரும் சொல்லை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள், நேரம் கொடுங்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆனால் வருடங்கள் கழித்தும் பேச்சு மெல்ல மேம்படலாம் என்றும் அவர் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி எனக்குப் பேப்பர் படித்துக்காட்டுகிறார். தலைப்புச் செய்தி மட்டும்தான். போன வாரம் ஐந்து சொல் தலைப்புக்குப் பதினோரு நிமிடம் ஆனது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.